அக்காவும் நீலப் புள்ளியும்

யாராவது திடீரென்று வந்து கையைப் பிடித்தால் அக்கா முதலில் கேட்பது, "நீங்க எங்க போகணும்?" என்றுதான்.

பிடித்தவர் குழம்பிப்போவார். உதவ வந்தது அவர். கண் தெரியாதவள் அக்கா. லிட்டில் இந்தியாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிராங்கூன் சாலைப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெரியவர் அப்படித்தான் வந்து மாட்டினார்.

"ரோடு கிராஸ் பண்ணி விடுறேன், வாம்மா."

"நீங்க எங்க போகணும்?"

"நான் இங்கதான். உன்னைத்தான் விடப் போறேன்."

"நான் அந்தப் பக்கம் போகணும்னு யாரு சொன்னா? பஸ்ஸுக்கு நிக்கிறேன் லா."

அவர் காதில் விழவில்லை. பச்சை விளக்கு வேறு எரிந்துவிட்டது. நான் இரண்டு தேநீர் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது அக்கா சாலைக்கு எதிர்ப்பக்கம் வெள்ளைக்கோலோடு நின்றிருந்தாள். பெரியவர் "நல்லா இரும்மா" என்று வாழ்த்திவிட்டுப் பூக்கடைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். எங்கள் பேருந்து இந்தப் பக்கம் வந்து, நின்று, போயும்விட்டது. அது வரப்போகிறது என்று அக்காவின் கைபேசி அட்சரம் பிசகாமல் சொல்லியிருந்தது. பேருந்துக்காக இவ்வளவு செய்த தொழில்நுட்பம் அந்தப் பெரியவரின் கைக்கு ஒன்றும் செய்யவில்லை.

எனக்கு எரிச்சலாக வந்தது. அக்காவுக்கு அதைவிட அதிகம். தேநீரை வாங்கிக் குடித்துவிட்டு, "புண்ணியம் சேர்க்க வேற ஆளே கிடைக்கலையா இவங்களுக்கு?" என்றாள்.

தோ பாயோவில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கில் எங்களுக்கு மேல்மாடியில் அக்காவும் அவள் அண்ணனும். அப்போது நான் பாலிடெக்னிக்கில் கணினி படித்துக்கொண்டிருந்தேன். பார்வையற்றவர்கள் பயணச் செயலிகளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு புராஜெக்ட். லிஃப்டில் அக்காவைப் பார்த்ததும், இவ்வளவு பக்கத்திலேயே ஒருத்தர் இருக்கிறாரே என்று குதித்துக்கொண்டு போய்க் கேட்டேன். அடுத்த வருடமே எல்லாம் மாறிவிடும், ஓட்டுநர் இல்லாத வண்டி வீட்டு வாசலுக்கே வரும், கண்ணாடியில் இருக்கும் கேமரா எதிரே இருப்பதை எல்லாம் படித்துச் சொல்லும் என்று மூச்சுவிடாமல் அடுக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு அக்கா எனக்கு ஒரு பெயர் வைத்தாள். அப்டேட். அதன் பிறகு என் உண்மைப் பெயரை அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அவள் கைபேசி திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும். அந்த வேகம் மற்றவர்களுக்குக் கடுகு வெடிக்கிற சத்தமாகத்தான் கேட்கும். அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் புரியும். ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் தொலைபேசி எடுக்கும் வேலை அவளுக்கு. நாள் முழுக்க ஊரார் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இது மட்டும்தான் என்னை 'பாவம்'னு சொல்லாம பேசுது" என்று கைபேசியைத் தட்டிக்கொடுப்பாள்.

அந்தக் கைபேசியும் காலை வாரியது உண்டு. வாடகை வண்டி அழைக்கும் செயலி ஒன்றை அவள் நன்றாகப் பழகி வைத்திருந்தாள். ஒருநாள் காலை அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. பார்ப்பதற்கு அழகாகிவிட்டது, நான்கூடப் பாராட்டினேன். ஆனால் பொத்தான்களுக்குப் பெயர் வைக்க யாரோ மறந்துவிட்டார்கள். எதைத் தொட்டாலும் "பட்டன்" என்றது. பட்டன், பட்டன், பட்டன்.

"எல்லாம் ஒரே குடும்பம் போல. ஒண்ணுக்கும் பேரு வைக்கல" என்றாள் அக்கா. குத்துமதிப்பாக ஒன்றை அழுத்தினாள். வண்டி வருகிறது என்று செய்தி வந்தது. கீழே போய் நின்றோம். மோட்டார் சைக்கிளில் ஒரு மலாய்ப் பையன் வந்து இறங்கி, "ஆன்ட்டி, பார்சல் எங்கே?" என்று கேட்டான். அவள் அழுத்தியது பொருள் அனுப்பும் பொத்தான்.

"நான்தான் பார்சல்" என்றாள் அக்கா. "பைக்ல ஏத்துவியா?"

மூவரும் சிரித்தோம். மாடிக்குத் திரும்பியதும் அவள் சிரிப்பு நின்றுபோனது. அந்த நிறுவனத்துக்கு நான் கோபமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். உங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது என்று இயந்திரம் பதில் அனுப்பியது. பொத்தான்களுக்குப் பெயர் வரும்வரை, எங்கே போவதானாலும் அவளை அண்ணன் காரில் கொண்டுபோய் விட்டார்.

அக்காவுக்குப் பிடிக்காத ஒரே காரியம் அதுதான், கொண்டுபோய் விடுவது. ரயில் நிலையத்தில் கோலோடு நுழைந்தால் ஊழியர் ஓடி வருவார். எங்கே இறங்குகிறீர்கள் என்று கேட்டு அந்த நிலையத்துக்குத் தகவல் சொல்வார். அங்கே கதவு திறக்கும்போது இன்னொருவர் காத்திருப்பார். நல்ல ஏற்பாடுதான், பல பேருக்குத் தேவையும்கூட. ஆனால் வேண்டாம் என்று அக்கா சொன்னாலும் சிலர் விடமாட்டார்கள். "இவரு கொடுத்தாரு, அவரு வாங்கிக்கிட்டாரு. கையெழுத்துப் போட்டு வாங்கலையேன்னு சந்தோஷப்பட்டுக்கணும்" என்பாள்.

ஒருமுறை என் அம்மாவோடும் என்னோடும் எல்லை தாண்டி ஜொகூர் வந்தாள். பாஸ்போர்ட் பார்க்கும் குடிநுழைவுத் தானியங்கிக் கதவு அவளிடம், கேமராவைப் பாருங்கள், கேமராவைப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். கேமரா வேறு பக்கம் இருந்தது. பின்னால் வரிசை முணுமுணுத்தது. "அதுக்கு என்னைத் தெரியல. எனக்கும் அதைத் தெரியல. சரிக்குச் சரி" என்றாள் சத்தமாக. அதிகாரி வந்து பக்கத்து வழியாக அனுப்பினார். எல்லைப் பாலம் தாண்டும்வரை கோலை மடிப்பதும் நீட்டுவதுமாக இருந்தாள்.

அவள் பக்கம்தான் எப்போதும் நியாயம் என்று சொல்ல வரவில்லை. மகா பிடிவாதக்காரி. வழி தவறிவிட்டது என்று தெரிந்தும் கேட்கமாட்டாள். ஒருமுறை நல்ல மழையில் குடை பிடிக்க வந்த பள்ளிக்கூடப் பெண்ணை, "உன் குடையில ஒருத்தருக்குத்தான் இடம்" என்று விரட்டிவிட்டு, முழுக்க நனைந்து, பிறகு காய்ச்சலில் கிடந்தாள். அந்தப் பெண் முகம் சுருங்கியதைப் பார்த்தவள் நான். "கொஞ்சம் நல்லாப் பேசியிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"நல்லாப் பேசினா கையைப் பிடிச்சிடுறாங்க, அப்டேட்."

கண் தெரியாதவர்களுக்கு மோப்பமும் காதும் கூர்மையாக இருக்குமாமே என்று என் அம்மா ஒருமுறை கேட்டபோது அவள் சொன்ன பதிலும் இதே ரகம்தான். "எனக்கு மூக்கடைப்புதான் இருக்கு ஆன்ட்டி."

இப்படி இருந்தவளுக்கு அலுவலகத்தில் பதவி உயர்வு வந்தது. புக்கிட் பாத்தோக்கில் திறக்கப் போகிற புதுக் கிளையில் தொலைபேசிப் பிரிவை அவள் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுவரை அவள் வேலை வீட்டிலிருந்து கூப்பிடுதூரம். அதற்கே காலையில் அண்ணன் கொண்டுபோய் விடுவார், மாலையில் கூட்டி வருவார். புக்கிட் பாத்தோக் தீவின் மறுகோடி. அவருக்கும் வேலை இருந்தது, தினமும் விட முடியாது. சரியா இல்லையா என்று அந்த மாதக் கடைசித் திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

செயலியில் வழி பார்த்தோம். எந்த நேரம் கேட்டாலும் அது பீஷானில் மாறு, புவன விஸ்தாவில் மாறு, ஜூரோங் ஈஸ்ட்டில் மாறு என்றது. வேகமான வழி அதுதான். ஒவ்வொரு மாற்றத்திலும் கூட்டம், கூட்டத்தில் கைகள். அக்கா அதை ஒதுக்கிவிட்டாள். தோ பாயோவில் ஏறினால் உட்லண்ட்ஸ் பக்கமாகத் தீவையே சுற்றிக்கொண்டு அதே ரயில் புக்கிட் பாத்தோக் போகிறது. எங்கும் மாற வேண்டாம். நேரம் ஆகும். "ஆகட்டும். உக்காந்து பாட்டுக் கேட்டுட்டுப் போவேன்" என்றாள்.

அண்ணன் ஒரு நிபந்தனை போட்டார். அவள் கைபேசி இருக்கும் இடம் அவர் கைபேசியில் எப்போதும் தெரிய வேண்டும். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி. அவள் நகர்ந்தால் அது நகரும். அதை அவரே அமைத்தார்.

எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வரும். அதே நேரம் அவரை வில்லனாக்கவும் முடியவில்லை. அக்காவின் புருவத்தில் ஒரு நீளமான தழும்பு உண்டு. சின்ன வயதில் அவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அம்மா கடைக்குப் போன நேரத்தில் அண்ணன் பந்து விளையாடப் போய்விட்டார். இவள் தனியாக நடந்து லொங்காங்கில், அதாவது புளோக் ஓரத்துச் சாக்கடைக் கால்வாயில், விழுந்துவிட்டாள். "நான் அதுல இருந்து அன்னைக்கே ஏறி வந்துட்டேன். அவன் இன்னும் ஏறல" என்பாள் அக்கா.

புள்ளி வந்த பிறகு அவள் பாடு இன்னும் மோசமானது. லிட்டில் இந்தியாவில் தோசைக்கு உட்கார்ந்தால் அழைப்பு வரும்.

"ஏன் நின்னுட்டே?"

"நிக்கல. உக்காந்திருக்கேன்."

"எங்க?"

"உனக்குத்தான் தெரியுமே. அப்புறம் ஏன் கேக்கிற?"

கடை மாறினால் அழைப்பு. பேருந்து சிவப்பு விளக்கில் நின்றால் அழைப்பு. ஒரு தடவை புள்ளி தானாகவே வழுக்கிக் கால்வாய்மேல் போய் நின்றுவிட்டது. அண்ணன் போட்ட கூச்சலில் அக்கா காதிலிருந்து கைபேசியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். அவள் நின்றுகொண்டிருந்ததோ புடவைக்கடைக்குள், என் பக்கத்தில்.

பிறகுதான் அந்த வியாழக்கிழமை. அவள் முதல்முறையாகத் தனியாகப் புக்கிட் பாத்தோக் புறப்பட்டாள். ரயில் பிரேடல் தாண்டிச் சுரங்கத்துக்குள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. சுரங்கத்தில் புள்ளியும் உறைந்துபோனது. அழைப்பும் போகவில்லை. அண்ணன் பதறிப்போய் நிலையத்துக்குத் தொலைபேசி செய்தார். பீஷானில் கதவு திறந்ததும் இரண்டு ஊழியர்கள் பெட்டிக்குள் வந்து, "ஆன்ட்டி, உங்கள் குடும்பம் தேடுகிறது" என்று எல்லோர் எதிரிலும் அவளை இறக்கினார்கள். நடைமேடையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அண்ணன் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

"இது சரிப்படாது" என்று அண்ணன் அன்று மாலை எங்கள் வீட்டு வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "அந்த வேலை வேணாம்னு சொல்லச் சொல்லிட்டேன்."

மறுநாள் அக்கா என்னைக் கூப்பிட்டாள். திட்டுவாள், புலம்புவாள் என்று நினைத்துப் போனேன். "உன்கிட்ட பழைய ஃபோன் இருக்கா?" என்று கேட்டாள்.

இருந்தது. அதில் ஒரு புது எண் போட்டு, அவள் பயன்படுத்தும் செயலிகளை எல்லாம் ஏற்றிக் கொடுத்தேன். அவளுடைய சொந்தக் கைபேசியை என் கையில் வைத்தாள்.

"நாளைக்கு இதை நீ கொண்டு போ. நம்ம கோயிலுக்குப் போ. பூஜை நேரத்துல அண்ணன் போன் பண்ண மாட்டான், சாமிக்கு மரியாதை. புள்ளி கோயில்லயே இருக்கட்டும். நான் போயிட்டு வந்துடுறேன்."

"அதை நிறுத்திட்டா போதாதாக்கா?"

"நிறுத்தினா அடுத்த நிமிஷம் காரை எடுத்துட்டுத் தேடுவான்."

"புக்கிட் பாத்தோக்குக்கா போறீங்க?"

"ஆமா. என்னால முடியுதா இல்லையான்னு எனக்குத் தெரியணும். முடியலன்னா நானே வேணாம்னு சொல்லிடுவேன். அவன் சொல்லி இல்ல."

"சரி, அந்தப் பழைய ஃபோன் எங்க இருக்குன்னு எனக்கு மட்டும் தெரியுற மாதிரி வெச்சுக்கிறேன். அவசரத்துக்கு."

அக்கா முகத்தில் இருந்த உற்சாகம் வடிந்துபோனது. "உனக்கும் ஒரு புள்ளி வேணுமா, அப்டேட்?"

நான் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். உண்மையில் எனக்கு வேண்டும்தான். பயமாக இருந்தது.

சனிக்கிழமை மாலை தோ பாயோ கோயிலில் கூட்டம். பூஜை தொடங்குவதற்கு முன்பே போய்த் தூண் ஓரம் நின்றுகொண்டேன். அக்காவின் கைபேசி தோள்பையில் இருந்தது. மணி அடித்தது, தீபாராதனை ஆனது, என் கண் வாசலில் இருந்தது. பிரசாதம் வாங்கினேன். பிரகாரத்தைச் சுற்றினேன். மறுபடி சுற்றினேன். அக்காவும் இப்படித்தான் நிதானமாகச் சுற்றுவாள் என்று புள்ளிக்காக மெதுவாக நடந்தேன். ஒரு வரைபடத்துக்காக நடித்துக்கொண்டிருக்கிறேன் என்ற நினைப்பே எரிச்சலைக் கிளப்பியது. முப்பது வயது தாண்டிய ஒருத்தி ரயிலேறிப் போய்வர இவ்வளவு நாடகமா?

திடீரென்று பை பேசியது.

"அண்ணன். அண்ணன். அண்ணன்."

யார் அழைக்கிறார்கள் என்று அவள் கைபேசி வாய்விட்டுச் சொல்லும் என்பதை மறந்தே போயிருந்தேன். நவக்கிரகத்தைச் சுற்றிக்கொண்டிருந்த எல்லோரும் திரும்பினார்கள். பையைத் துழாவி எடுத்து எங்கெங்கோ தட்டினேன். அது இன்னும் உரக்கக் கத்தியது. கடைசியில் அதை நிறுத்தியது நான் இல்லை. எனக்குப் பின்னால் நின்றவர் தன் கைபேசியில் அழைப்பைத் துண்டித்தார்.

அண்ணன். கையில் இரண்டு குடைகள். வானம் இருட்டிக்கொண்டு வந்ததால் தங்கையைக் கூட்டிப்போக வந்திருக்கிறார்.

"அவ எங்க?"

"வெளிய போயிருக்காங்க அண்ணே."

"வெளியன்னா? அவ போன் உன் கையில இருக்கு. எங்க போயிருக்காம்மா?"

"புக்கிட் பாத்தோக்குக்கு. தனியா."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. குடை ஒன்று நழுவி விழுந்தது. அதை எடுக்கக்கூட இல்லை. "வேற போன் வெச்சிருக்காளா? நம்பர் கொடு."

"கொடுக்க மாட்டேன் அண்ணே. அக்கா கொடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ வந்து பதில் சொல்லுவியா?"

அக்காவின் கைபேசியை மட்டும் அவரிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டார். புக்கிட் பாத்தோக் வரை காரில் போகலாம், ஆனால் அவள் எந்த ரயிலில், எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று எப்படித் தேடுவது? வேறு வழியில்லாமல் இருவரும் எங்கள் புளோக் கீழே வந்து நின்றோம். மழை பிடித்துக்கொண்டது, பிறகு விட்டது. பத்தடி நடப்பார், திரும்புவார். ஆம்புலன்ஸ் சத்தம் எங்கோ கேட்டபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நம்பரைக் கொடுத்துத் தொலைத்துவிடலாமா என்று மனசு அடித்துக்கொண்டது. அக்காமேலும் ஆத்திரம் வந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு செய்தி அனுப்பினால் என்ன குறைந்துவிடும்?

கூரை போட்ட நடைபாதையில் கோல் தட்டும் சத்தம் கேட்டது. அக்கா வந்துகொண்டிருந்தாள். ஒரு பக்கம் கால்சட்டை முழங்கால்வரை சேறு. முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கைபேசி காதோரம் கடுகு வெடித்துக்கொண்டிருந்தது.

நான் கூப்பிட வாயெடுத்தேன். அண்ணன் உதட்டில் விரல் வைத்தார். அவள் எப்படி நடக்கிறாள், எங்கே தடுமாறுகிறாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அவள் எங்களை நெருங்கி, தூணை ஒட்டிக் கடந்து, லிஃப்ட் பக்கம் போனாள். அவருடைய கண்கள் கூடவே போயின. அதில் அன்பு இருந்தது, எனக்குத் தெரிந்தது. ஆனாலும் பொறுக்க முடியவில்லை.

"அக்கா" என்றேன். "அண்ணன் இங்க நிக்கிறாரு. உங்களைப் பாத்துக்கிட்டு இருக்காரு."

கோல் நின்றது. அண்ணன் என்னை முறைத்தார்.

"எவ்வளவு நேரமா?" என்று அக்கா கேட்டாள்.

"ரொம்ப நேரமா" என்றார் அண்ணன். "எங்க போய்ட்டே நீ?"

அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் இருந்தது எனக்குப் பழக்கமில்லாத ஒரு சிரிப்பு.

"அண்ணே, நான் தொலைஞ்சு போய்ட்டேன்."

"என்னது?"

"கணக்கு தப்பி ஒரு ஸ்டேஷன் முன்னாடியே இறங்கிட்டேன். சரி, நடந்துடலாம்னு நடந்தேன். புளோக்குகளுக்கு நடுவுல இந்தப் போனுக்குத் திசை குழம்பிடுச்சு. இடது, வலதுன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லுது. புல்லுல இறங்கிட்டேன், மழை வேற. எங்க நிக்கிறேன்னு எனக்குத் தெரியல, போனுக்குத் தெரியல, உனக்கும் தெரியல. யாருக்குமே தெரியல, அண்ணே!"

"அப்புறம்?" என்றேன் நான், என்னை மீறி.

"நின்னேன். அப்புறம் சத்தமா கேட்டேன், பக்கத்துல யாராவது இருக்கீங்களான்னு. ஒரு சீன ஆன்ட்டி. கையைப் பிடிக்க வந்தாங்க. வாயால சொல்லுங்க போதும்னேன். சொன்னாங்க. ஆபீஸைக் கண்டுபிடிச்சிட்டேன். சனிக்கிழமை, ஷட்டர் போட்டிருந்துச்சு. தட்டிப் பாத்துட்டு வந்தேன்."

அண்ணன் அவள் முழங்கால் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "திங்கக்கிழமை என்ன சொல்லப் போறே?"

"சரின்னு."

"எனக்குப் பயமா இருக்கு."

"தெரியும். இருக்கட்டும். அது உன்கிட்டயே இருக்கட்டும் அண்ணே. என் பையில போட்டு அனுப்பாத."

அவள் சுவரைத் தொட்டு லிஃப்ட் பொத்தானைத் தேடினாள். அண்ணனின் கை பழக்கத்தில் முன்னால் போனது. பாதியில் நின்றது. அவளே கண்டுபிடித்து அழுத்தினாள். கதவு மூடி லிஃப்ட் மேலே போனது.

தன்னுடையதும் அக்காவுடையதுமாக இரண்டு கைபேசிகளையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அண்ணன் கல்மேசை ஓரம் உட்கார்ந்தார்.

"சாப்பிட்டாளான்னு கேக்கல" என்றார்.

"மேல போய்க் கேளுங்க அண்ணே."

அவர் எழுந்திருக்கவில்லை.

"கொஞ்ச நேரம் ஆகட்டும்மா" என்றார்.